அண்ணனுக்குக் கொண்டுவர முடியாத மருந்து

1

வருகிற மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம் முடிகிறது. வந்த தேதியை இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகம் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு முன்பே கடிதம் போட்டுவிடுவார்கள். 'மதிப்பிற்குரிய திருமதி ஆறுமுகம்' என்று அது ஆரம்பிக்கும். ஆறுமுகம் என் அப்பா. வளவனூர் பக்கத்தில் கரும்பும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததால் அவர் பெயர் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் வருடம் யாராவது "ஃப்ராவ் ஆறுமுகம்", அதாவது திருமதி ஆறுமுகம், என்று கூப்பிட்டால் நான் திரும்பவே மாட்டேன். இப்போது கலைச்செல்வி என்று கூப்பிட்டால்தான் திரும்பக் கொஞ்சம் நேரமாகிறது.

வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில். நம் ஊர் மெடிக்கல் ஷாப் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்காது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு தளம். தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டு, புற்றுநோயாளிகளுக்கான மருந்துகளைத் தயார்செய்து மேலே வார்டுக்கு அனுப்புகிறோம். யாருக்குப் போகிறது என்பது சீட்டில் ஒரு எண்ணாகத்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த மருந்துகளில் ஒன்று மட்டும் மற்றவை மாதிரி இல்லை. அது உயிருள்ள வைரஸ். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, அந்த வைரஸை எடுத்து, அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்து, புற்றுக்கட்டிக்குள் மட்டும் பெருகும்படி மாற்றியிருக்கிறார்கள். ஒருவகைத் தோல் புற்றுநோயில் கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றுவார்கள். அது கட்டியை உடைக்கும். உடைவதைப் பார்த்து உடம்பின் காவலும் விழித்துக்கொள்ளும். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. கேட்டவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

இவ்வளவு வேலை செய்கிற அந்த வைரஸ் ஒரு சின்னக் குப்பிக்குள் இருக்கும்போது படுகிற பாடு பெரிது. பூஜ்யத்துக்குக் கீழே எழுபது, எண்பது டிகிரியில் உறைந்துகிடந்தால்தான் அது பிழைத்திருக்கும். அதன் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் போர்வை இருக்கிறது. வெப்பத்தில் விட்டால் அந்தப் போர்வை நைந்துபோகும். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைத்தால் ஐஸ் ஊசிகள் அதைக் குத்திக் கிழித்துவிடும். குலுக்கினால் நுரை வந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இதையெல்லாம் தாங்கத்தான் அந்தக் கரைசலில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரையும் ஓரளவுக்குத்தான் காக்கும். அதனால் நோயாளி மேலே வந்துவிட்டார், காய்ச்சல் இல்லை என்று போன் வந்த பிறகுதான் கீழே நான் உறைபெட்டியைத் திறப்பேன். அறைச் சூட்டில் அரை மணி நேரம் போல வைத்து, உருகியதும் குப்பியை மெதுவாகச் சுழற்றுவேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும்.

2

டிப்ளமோ பார்மசி முடித்துக் கல்யாணம் ஆகும்வரை ஐந்து வருடம் திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் கடை. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். பவுடராக இருக்கும் ஆன்டிபயாடிக் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றி, மூடியைத் திருகி, நன்றாகக் குலுக்கிக் கொடுப்போம். ஒவ்வொரு முறையும் குலுக்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்புவோம். ஐந்து வருடத்தில் எத்தனை பாட்டில் குலுக்கியிருப்பேனோ, கைக்கு அது சொல்லாமலே வருகிற வேலையாகிவிட்டது.

அந்த டிப்ளமோவை இங்கே ஏற்றுக்கொள்ள இரண்டரை வருடம் பிடித்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் படித்த இடத்தில் அப்படியொரு காகிதமே கிடையாது. என் அண்ணன் ஏழுமலைதான் அதற்கு அலைந்தார். கரும்பு வெட்டு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு பைக்கில் கல்லூரிக்குப் போவார். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மறுபடி போவார். கடைசியில் அங்கிருந்த கிளார்க் டைப் அடிக்க ஒப்புக்கொண்டபோது, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லியிருக்கிறார். அவர் படித்தது பத்தாவது வரை. முத்திரை வைத்த அந்தக் காகிதம் வந்த அன்று, "இன்னாம்மா உங்க படிப்புல எல்லாம் வாயில நுழையாத பேரா கீது" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காகிதத்தால் கிடைத்த வேலையை நான் நாலாம் மாதமே தொலைக்கப் பார்த்தேன்.

வைரஸ் மருந்துக்கான செயல்முறைத் தாளில் ஒரு வரி இருந்தது. ஷ்வெங்கன் செய்யவும், ஷுட்டெல்ன் செய்யக்கூடாது. ஒன்று மெதுவாகச் சுழற்றுவது, இன்னொன்று குலுக்குவது. அப்போது எனக்கு ஜெர்மன் இன்னும் தண்ணீர்ப் பதத்தில் இருந்தது. இரண்டு சொல்லும் 'ஷ்' என்று ஆரம்பித்ததால் எது எது என்று குழம்பியது. கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று கேட்கவில்லை. குப்பி உருகியதும் என் கையே முடிவெடுத்துவிட்டது. இரண்டு மூன்று தடவை நன்றாகக் குலுக்கிவிட்டேன். மேலே நுரை கட்டியதும்தான் எனக்குத் தெரிந்தது.

அறையில் வேறு யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கிவிடும். பார்வைக்கு அது நல்ல மருந்து மாதிரியே இருந்திருக்கும். மேலே ஒருவர் காலையோ கையையோ நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்குள் பாதி செத்த மருந்து போகும், அது யாருக்கும் தெரியாது.

எங்கள் பகுதியின் பொறுப்பாளர் பிரிகிட்டே. அறுபதை நெருங்குகிறவர், வெடுக்கென்று பேசுவார். அவரிடம் போய், எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையில், நான் குலுக்கிவிட்டேன் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் எழுந்து வந்து குப்பியைப் பார்த்தார். மேலே போன் போட்டு நோயாளி இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், தவறு எங்களுடையது என்றார். 'எங்களுடையது' என்ற சொல் மட்டும் எனக்கு அன்று முழுதாகப் புரிந்தது. புதுக் குப்பியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். அது உருகும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, எப்படிச் சுழற்ற வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டினார்.

மறுநாள் அந்தத் தாளில் இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில் படம் வரைந்து ஒட்டியிருந்தார்.

3

மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணனின் இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் காலைக் கழுவும்போது அண்ணி அஞ்சுகம் பார்த்திருக்கிறார். புள்ளி ரூபாய்க் காசு அளவுக்குப் பரவி, ஓரமெல்லாம் ஒழுங்கில்லாமல் இருந்தது. அண்ணி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். நான் அதை இங்கே மதியச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நம் ஆட்களுக்கு இந்தத் தோல் புற்றுநோய் அபூர்வம். வந்தால் உள்ளங்காலில் வரும் என்பதை வேலையில் படித்திருந்தேன்.

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் குதிகால் சதையை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுகிற முடிச்சுகளையும் எடுத்தார்கள். அண்ணன் கோலை ஊன்றி நடந்து, பிறகு கோலையும் விட்டார். வருடம் ஒன்று போனது. அப்புறம் அதே காலில், முழங்காலுக்குக் கீழே, மல்லாட்டைப் பருப்பு அளவில் மூன்று கட்டிகள் எழும்பின.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் வைரஸ் மருந்தை உருக்கி அனுப்புவதே இப்படிப்பட்ட கட்டிகளுக்குத்தான்.

அண்ணனுக்கும் அது எட்டியிருந்தது. என்ன மருந்து கலக்குகிறேன் என்று எப்போதோ நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அவராகவே எடுத்தார்.

"நீ ஒரு ஊசி மருந்து சொன்னியே, கட்டியிலயே போடறது. அத்த ஐஸ் பெட்டியில வெச்சி எடுத்துக்கினு வர முடியாதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் யாழினி போனுக்குள் தலையை நுழைத்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கனவில்கூட ஜெர்மனில்தான் முனகுகிறாள். மாமாவிடம் மட்டும் தமிழில் பேச முயல்வாள். "இல்ல மாமா, அது வைரஸ். வெளியில வந்தா செத்துடும்" என்றாள்.

அண்ணன் விடவில்லை. "வைரஸ் செத்தா நல்லதுதான பாப்பா? கொரோனாவுல நாம அதுக்குத்தான கை கழுவிக்கினு இருந்தோம்."

"இது நல்ல வைரஸ் மாமா. இது உயிரோட உங்க காலுக்குள்ள போவணும்."

அண்ணி பின்னாலிருந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார். யாழினிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் அவளும் சேர்ந்துகொண்டாள். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்துபோனேன்.

4

பிரிகிட்டேயிடம் சொன்னேன். அவர் உடனே வேலையில் இறங்கினார். தாளை எடுத்து, யார் யாரைக் கேட்கவேண்டும் என்று பட்டியல் போட்டார். மருந்து தயாரிக்கும் இடத்துக்கு எழுதினார். ஏற்றுமதி விதிகளைப் பார்க்கிற அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே ஒரு படிவத்தில் பெறுகிறவரின் குடும்பப்பெயர் கேட்டது. அண்ணனுக்கும் ஆறுமுகம் என்று போட்டோம். நோயாளியும் ஃப்ராவ் ஆறுமுகமும் ஒருவரா என்று விளக்கம் கேட்டு இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.

கடைசியில் வந்த பதில்கள் எல்லாம் மரியாதையாகவே இருந்தன. அந்த நாட்டில் இதற்கு அனுமதி இல்லை. மரபணு மாற்றிய உயிரி என்பதால் தனி ஒப்புதல் வேண்டும். உலர்பனிக்கட்டி போட்ட பெட்டி வழியில் எத்தனை இடத்தில் நிற்கும், எங்கே பனி குறைந்தால் யார் நிரப்புவார்கள், ஆஸ்பத்திரியில் அந்தக் குளிருக்கு உறைபெட்டி உண்டா, உருக்கத் தெரிந்த ஆள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உருக்கத் தெரிந்த ஆள் நான் இருக்கிறேன் என்று எழுதலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. அவர்கள் கேட்டது ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி என்று எனக்கே தெரியும்.

எப்படியும் அண்ணனைப் போய்ப் பார்த்துவிடுவது என்று லீவு போட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வேலையில் ஒரு குப்பியை உருக்கினேன். மேலேயிருந்து சரி என்று சொல்லித்தான் உருக்கினேன். முடிக்கும் நேரத்தில் திரும்பவும் போன் வந்தது. நோயாளிக்குத் திடீரென்று குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்துவிட்டது, இன்றைக்கு வேண்டாம் என்றார்கள்.

உருகிய குப்பி குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குமேல் அதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இன்றைக்குள் தேவையில்லை என்றால் அழிக்க வேண்டும்.

அது என் கையில் இருந்தது. என் சுண்டுவிரலைவிடச் சின்னது. மறுநாள் காலை விமானம். வீட்டில் குளிர்ப்பைகள் இருக்கின்றன. யாழினிக்குச் சின்ன வயதில் பால் எடுத்துப்போன பை இருக்கிறது. இதை எடுத்துப்போனால் யாருக்கு நஷ்டம், எப்படியும் கொல்லப்போவதுதானே என்று மனசு கணக்குப் போட்டது. இங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து அண்ணன் கால். வழியில் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தப் போர்வை எப்படி நைந்துகொண்டே வரும் என்பதை உலகத்தில் வேறு யாரையும்விட நான் நன்றாக அறிவேன். போய்ச் சேரும்போது என் கையில் இருக்கப்போவது சர்க்கரைத் தண்ணீர். அதை மருந்து என்று அண்ணனிடம் நீட்ட வேண்டும். அவர் நம்பிக் காலை நீட்டுவார்.

அழிப்புப் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். பிரிகிட்டே அப்போது உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மிச்ச வேலையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார். அந்த அம்மாளிடம் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்ல ஜெர்மனில் எனக்கு இன்னும் வார்த்தை போதவில்லை.

5

பாண்டி ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கும் டாக்டர் ஒரு பெண். சின்ன வயதுதான், நின்று பேசக்கூட நேரமில்லாதவர். ஆனால் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார். வைரஸ் மருந்தைப் பற்றி அவரும் படித்திருந்தார். அதை விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டு வேறொன்றைச் சொன்னார். உடம்பின் காவலை எழுப்புகிற இன்னொரு மருந்து, நரம்பு வழியாக ஏற்றுவது. அது உயிருள்ளதல்ல, ஒரு புரதம். சாதாரண ஃப்ரிட்ஜ் குளிர் போதும். "இங்க கிடைக்கும். அதான் இதோட பெரிய குணம்" என்றார்.

ஆனால் பாண்டியில் வரவழைக்க ஒரு வாரம் ஆகும். நாளை மறுநாள் காலை ஒரு படுக்கை இருக்கிறது, விட்டால் அடுத்தது இரண்டு வாரம் கழித்து. சென்னையில் கையிருப்பு இருந்தது. அண்ணியும் நானும் மறுநாள் விடியலில் பஸ் ஏறினோம்.

தெர்மாகோல் பெட்டிக்குள் மருந்து, சுற்றிலும் குளிர்ப்பை, நடுவில் ஒரு துண்டு. துண்டு எதற்கென்றால், இந்த மருந்து ஐஸில் நேராகப் பட்டு உறைந்தால் கெட்டுவிடும். ஜெர்மனியில் உறையவில்லையே என்று பயப்படுகிறவள் இங்கே உறைந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒயர் வைத்த சின்ன வெப்பமானி ஒன்றும் வைத்திருந்தேன். திரும்பும்போது பாண்டி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிக்கொள்வேன். இதையும் குலுக்கக்கூடாது. கண்டக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி அவரிடம் என்ன சொன்னாரோ, அவர் முன்னால் போய் டிரைவர் காதில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு வேகத்தடைகளில் பஸ் கல்யாணப் பெண்போல ஏறி இறங்கியது.

திண்டிவனத்துக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. இன்ஜினிலிருந்து புகை. உச்சி வெயில். பின்னால் வருகிற வண்டிகள் எல்லாம் நிறைந்து வந்தன. வெப்பமானி ஆறைத் தாண்டி ஏழுக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டுக்குமேல் போகக்கூடாது.

ரோட்டோரம் ஒரு கூல்டிரிங்ஸ் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் தொழுகைத் தொப்பி. கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி நிறைய பாட்டில். நான் விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அண்ணி, "பாய், எங்க ஊட்டுக்காரரு உயிரு இந்தப் பொட்டில கீது" என்று சொல்லிவிட்டார்.

அவர் பெட்டியைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார். "ரெண்டுலேர்ந்து எட்டா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பெயர் அன்வர். ஊர் கோட்டக்குப்பம். குவைத்தில் பதினாலு வருடம் குளிர்க்கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்து, மனைவியின் ஊரான இங்கே கடை போட்டிருக்கிறார். நடுத்தட்டிலிருந்த பாட்டில்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, பெட்டியை உள்ளே வைத்தார். வெப்பமானியின் ஒயரை மட்டும் கதவிடுக்கில் விட்டார். பின்சுவரில் ஒட்ட வைத்தால் உறைந்துவிடும், முன்னால் வைத்தால் சூடு என்று அவரே சொல்லிக்கொண்டு நடுவில் நகர்த்தினார். எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனம் மொத்தமும் தாகத்தோடு கடைக்கு வந்தது. வெளியில் எடுத்துவைத்த பாட்டில்களைக் காட்டி, இதுதான் இருக்கிறது, இதைக் குடியுங்கள் என்றார். ஒருவர், ஜில்லென்று வேண்டும், கதவைத் திற என்று அதட்டினார்.

"தெறக்க மாட்டேன்" என்றார் அன்வர் பாய். "உள்ள ஒருத்தரோட மருந்து கீது. வோணும்னா நீ போலீஸக் கூப்ட்டுக்கினு வா."

அதட்டியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சூடான சோடாவையே வாங்கிக் குடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் வெப்பமானி நாலுக்கு வந்தது. அன்வர் பாய் குளிர்ப்பைகளைத் தன் ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு இறுக்கிக் கொடுத்தார். தெரிந்த ஒருவரின் காரை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். நான் ஜெர்மனியிலிருந்து வந்திருப்பதை அண்ணி சொல்லியிருந்தார். விடைபெறும்போது, அங்கே எனக்கு எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க நாம கத்துக்கினது எல்லாம் எதுக்குன்னு நானும் யோசிப்பேம்மா. ஜல்தி போங்க."

6

மறுநாள் காலை மருந்து ஏறியது. அண்ணன் ஏறுகிற சொட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அடுத்தடுத்த தவணைகளுக்குப் பாண்டியிலேயே மருந்து வந்துவிட ஏற்பாடானது. நான் திரும்பிவிட்டேன். யாழினி வாரா வாரம் மாமாவுக்கு ஒரு செய்தி அனுப்புவாள். தமிழை ஜெர்மன் எழுத்துக்கூட்டில் எழுதுவாள். அண்ணி அதை இருக்கிறபடியே உரக்கப் படித்துவிட்டு, இது எந்த ஊர்ப் பாஷை என்று என்னைக் கேட்பார். தமிழைப் படிக்கவைக்கவில்லையே என்று எனக்கு உறுத்தும். ஆனாலும் அவள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

மூன்றாம் மாதம் கட்டிகள் மெத்தென்று ஆகிவிட்டதாக அண்ணன் சொன்னார். எட்டாம் மாதம் விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் பொங்கல் கழித்து எடுத்த ஸ்கேனில், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இப்போதைக்கு என்ற வார்த்தையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

போன மாதம், அழித்த அந்தக் குப்பியைப் பற்றி அண்ணனிடம் முதல்முறையாகச் சொன்னேன். எடுத்துவர நினைத்ததையும் சொன்னேன். கோபப்படுவாரோ என்று இருந்தது. அவர் கேட்டது வேறு.

"அது யாருக்குன்னு வெச்சிருந்தாங்களோ, அவங்களுக்கு இப்ப எப்பிடி கீது?"

தெரியாது என்றேன். எங்களுக்கு எண் மட்டும்தான் தெரியும் என்றேன்.

"கேக்கக் கூடாதா?"

7

இத்தனை வருட வேலையில் நான் அந்த வார்டுக்கு ஏறிப்போனதே இல்லை. நோயாளியைப் பற்றி விசாரிப்பதற்கு முறை இருக்கிறது. அதனால் பிரிகிட்டேயிடம் சொன்னேன். அவர் மேலே இருக்கும் தலைமை நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் அந்த நோயாளியிடமே கேட்டிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை பரிசோதனைக்கு வரும்போது என்னைப் பார்க்க விரும்புவதாகப் பதில் வந்தது.

மருத்துவமனை உணவகத்தில் எனக்காகக் காத்திருந்தார். எழுபது வயதுக்குமேல். வெள்ளை முடி, நீலச் சட்டை. தன் பெயர் 'இங்க' என்று சொன்னார். அதுதான் பெயர், ஜெர்மனியில் வயதான பெண்கள் பலருக்கு அந்தப் பெயர் உண்டு. அன்று காய்ச்சல் வந்ததற்கு மறு வாரம் ஊசி தொடர்ந்திருக்கிறது. காலில் ஆறு கட்டிகள் இருந்தனவாம். இப்போது ஒன்றுதான், அதுவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

கீழே தனக்காக ஒருவர் குப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததே இல்லை என்றார். நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். குதிகால், மூன்று கட்டி, மடியில் வைத்துப் போன பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியை எடுத்துப்போக நினைத்ததையும் சொன்னேன். அவர் காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு, உன் அண்ணனிடம் நான் பேசலாமா என்றார்.

ஊரில் அப்போது சாயங்காலம். அண்ணன் மல்லாட்டைக் கொல்லையில் இருந்தார். பின்னால் வளவனூர் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. விவரத்தைச் சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வணக்கம்மா" என்றார். "பேரு இன்னாம்மா அவங்களுக்கு?"

"இங்க" என்றேன்.

"இங்கன்னா எங்க?"

அதுதான் பெயர் என்று விளக்கினேன். அண்ணன் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே அந்த அம்மாளும் சிரித்தார். அவர் ஏழுமலை என்று சொல்லிப் பார்த்தார், எலுமலே என்று வந்தது. இரண்டு பேருக்கும் அதற்குமேல் வார்த்தை இல்லை.

அப்போது அந்த அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றி, போனைக் காலுக்குக் கிட்டே பிடிக்கச் சொன்னார். வெளுத்த சின்னச் சின்னத் தழும்புகள். அண்ணன் உற்றுப் பார்த்தார். பிறகு தன் போனை வரப்பில் எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கி, சேறு அப்பியிருந்த காலை வாய்க்கால் தண்ணீரில் அலசிவிட்டுக் காட்டினார். "இங்கதான் இருந்திச்சி, தோ இங்க, இங்க" என்று விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார். தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் "யா, யா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. போனை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.